அடிமேல் அடி: திருவொற்றியூர் நடையின் வரலாறு

அடிப்பிரதட்சிணம் செய்கிறவர் வலது காலை எடுத்து வைக்கும்போது அதன் குதிகால் இடது காலின் பெருவிரல் நுனியைத் தொட வேண்டும். அடுத்து இடது குதிகால் வலது பெருவிரலைத் தொட வேண்டும். நடுவில் இடைவெளி விழக் கூடாது. ஒரு கால் மற்றொன்றின் மேல் ஏறவும் கூடாது. ஐந்து நிமிடத்தில் சுற்றிவிடக்கூடிய பிராகாரம் இந்த நடையில் முக்கால் மணி நேரத்தைத் தின்றுவிடும். பாதத்தின் நீளம்தான் அளவுகோல். கை குவிந்திருக்கும், அல்லது தேங்காய் ஒன்றைப் பிடித்திருக்கும். வெயில் ஏறிய கல்தரையில் உள்ளங்கால் சுடும். பேச்சுக் கொடுத்தால் கால் தப்பும். கால் தப்பினால் உடனே தெரிந்துவிடும். மனம் வேறெங்கோ போய்விட்டதை வேறு எவரும் சொல்ல வேண்டியதில்லை, குதிகாலே சொல்லிவிடும்.

உடலை அசைத்தபடியே மனத்தை ஓரிடத்தில் நிறுத்தும் இந்தப் பழக்கத்துக்கு இன்று உலகெங்கும் வழங்கும் பெயர் மைண்ட்ஃபுல்னெஸ். 1979இல் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய மன அழுத்தக் குறைப்புப் பயிற்சியில் உட்கார்ந்து மூச்சைக் கவனிப்பதோடு ஹட யோகமும் மெதுநடையும் சேர்ந்திருந்தன. அதன் வேர் பௌத்தத்தில் இருக்கிறது. பாலி மொழியில் உள்ள சதிபட்டான சுத்தம், முன்னால் போகும்போதும் திரும்பும்போதும் கையை மடக்கும்போதும் நீட்டும்போதும் செய்வதை அறிந்து செய்யும்படி பிக்குவுக்குச் சொல்கிறது. தமிழில் இதற்கென்று ஒரே கலைச்சொல் நிலைபெறவில்லை. வீட்டில் பெரியவர்கள் சொல்வது ‘நெனப்போட நட’ என்பதுதான். அந்தச் சொல்லை ஒரு நெடுஞ்சாலைக்குப் பெயராக வைக்க வேண்டுமானால், வடசென்னையில் திருவொற்றியூர்ச் சாலைக்கே அந்த உரிமை அதிகம். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அங்கே நடை என்பது வழி கடப்பதற்கு மட்டும் பயன்பட்டதில்லை.

கோயிலை எப்படி வலம்வர வேண்டும் என்பதற்கு மரபு ஓர் உவமை சொல்கிறது: நிறைமாதக் கர்ப்பிணி, தலையில் எண்ணெய் ததும்பும் குடத்தைச் சுமந்து நடப்பதுபோல நடக்க வேண்டும். இதே எண்ணெய், பாலி நூலான சம்யுத்த நிகாயத்திலும் வருகிறது. ஒரு பக்கம் ஊரின் பேரழகி ஆடிப் பாடுகிறாள், மறுபக்கம் கூட்டம், நடுவே ஒருவன் விளிம்பு வரை எண்ணெய் நிறைந்த பாத்திரத்தைச் சுமந்து போக வேண்டும், உருவிய வாளோடு ஒருவன் பின்னால் வருகிறான், ஒரு துளி சிந்தினால் தலை போகும். உடலைப் பற்றிய கவனம் இப்படி இருக்க வேண்டும் என்று புத்தர் சொன்னதாக அந்நூல் கூறும். இரண்டு மரபும் ஒரே பொருளைக் கையிலெடுத்தது தற்செயலாகவும் இருக்கலாம். ஆனால் வேறுபாடு கவனிக்கத்தக்கது. அங்கே வாளின் அச்சம் கவனத்தைக் காக்கிறது. இங்கே வயிற்றில் இருக்கும் பிள்ளை காக்கிறது.

எண்ணெய்க்கும் திருவொற்றியூருக்கும் பழைய தொடர்பு உண்டு. அறுபத்துமூன்று நாயன்மார்களில் ஒருவரான கலியர் இவ்வூர்ச் செக்கு வணிகர். இவ்வூர்ச் சிவன் கோயில் முழுதும் விளக்கேற்றிச் செல்வத்தைக் கரைத்தவர், பின்பு பிறருடைய செக்கில் கூலிக்கு உழைத்து விளக்குக்கு எண்ணெய் சேர்த்தார் என்கிறது பெரியபுராணம். செக்கடியும் ஒரு பிராகாரம்தான்: நாள் முழுதும் ஒரே வட்டம், ஒரே தடம். எண்ணெய் கிடைக்காத நாளில் தம் கழுத்தை அரிந்து விளக்கை நிரப்பத் துணிந்ததாகக் கதை உச்சம் கொள்கிறது. வலம்வரும் பக்தருக்கு அந்த உச்சத்தைவிட, கூலிச் செக்கைச் சுற்றிய நாட்களே நெருக்கமானவை.

கோயிலின் அமைப்பே சுற்றி வருவதற்கு இசைந்தது. கருவறை விமானம் பின்புறம் வளைந்த தூங்கானை மாடம். முதலாம் ராஜேந்திர சோழன் காலத்தில், 11ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், இது கருங்கல்லால் எடுத்துக் கட்டப்பட்டது. கட்டிய தச்சனின் பெயரும் கல்வெட்டில் இருக்கிறது: ரவி என்ற வீரசோழத் தச்சன். தமிழ்நாட்டில் கோயில் கட்டுவித்த அரசர்களின் பெயர் மலிந்து கிடக்கிறது; கட்டியவனின் பெயர் கிடைப்பது அரிது. மூல மூர்த்தி புற்று வடிவம் என்பதால் ஆண்டு முழுதும் கவசம் சாத்தியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டிய மூன்று நாட்கள் மட்டுமே கவசம் களைவார்கள்.

அந்தத் திருப்பணிக்குப் பின்னால் இருந்தவர்கள் இவ்வூர் மடத்துத் துறவிகள். மடத்தின் தலைவர்களுக்குச் சதுரானன பண்டிதர் என்ற பட்டம் வழிவழியாக வந்தது. அவர்களுள் முதல்வரின் கதை போரில் தொடங்குகிறது. 949இல் தக்கோலப் போரில் சோழ இளவரசன் ராஜாதித்தன் யானை மேலிருந்தபடியே கொல்லப்பட்டான். அவனுடைய நண்பரான கேரளத்துப் படைத்தலைவர் ஒருவர் அன்று களத்தில் இல்லை. தலைவனோடு சேர்ந்து சாகவில்லையே என்ற குறை அவரை உலகத்திலிருந்து விரட்டியது. கங்கையில் நீராடி, ஒற்றியூருக்கு வந்து நிரஞ்சன குருவிடம் துறவு பூண்டு சதுரானன பண்டிதர் ஆனார். ராஜாதித்தனை வென்ற ராஷ்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனின் காலத்துக் கல்வெட்டே இதைப் பதிவு செய்திருப்பது வரலாற்றின் விசித்திரம்.

வளாகத்தில் உள்ள கௌளீசுவரர் சன்னிதி லகுலீசருக்கு உரியது என்பது ஆய்வாளர் கருத்து. லகுலீசர் பாசுபத நெறியின் ஆசான். பாசுபத சூத்திரமும் கௌண்டின்யரின் உரையும் துறவிக்கு விதிக்கும் வழிபாடு, இன்றைய கோயில் பழக்கத்துக்குப் பழகியவரைத் திகைக்கவைக்கும். மூவேளையும் சாம்பலில் குளிக்க வேண்டும். இறைவன் முன் சிரிக்க வேண்டும், பாட வேண்டும், ஆட வேண்டும், எருதுபோல் முழங்க வேண்டும், வணங்க வேண்டும், மந்திரம் உருவேற்ற வேண்டும். அடுத்த நிலையில் அவன் கோயிலை விட்டு ஊருக்குள் போகிறான். தூங்காமலே குறட்டை விடுகிறான், வாத நோயாளிபோல் நடுங்குகிறான், முடவன்போல் நொண்டி நடக்கிறான். பார்ப்பவர்கள் ஏசுவார்கள், அந்த ஏச்சால் அவனுடைய வினை கழியும் என்பது கணக்கு.

நடிப்பதற்கு எவ்வளவு விழிப்பு வேண்டும் என்பது நடித்துப் பார்த்தவருக்குத்தான் தெரியும். நல்ல கால் உள்ளவன் நாள் முழுதும் நொண்டுவதென்றால், ஒவ்வோர் அடியிலும் அவனுக்குத் தன் கால் நினைவில் இருந்தாக வேண்டும். மறந்த கணத்தில் கால் நேராகிவிடும். ஒற்றியூர் மடத்தில் இவையெல்லாம் அப்படியே நடந்தன என்று எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. மடத்தார் நிலமும் பொன்னும் நிர்வகித்த அறிஞர்களாகவே அதிகம் தெரிகிறார்கள். ஆயினும் உடம்பின் அசைவையே நோன்பாக்கிய நெறி ஒன்று இவ்வூரில் ஆசானுக்குச் சன்னிதி எடுத்து வேரூன்றியிருந்தது என்ற அளவில் ஐயமில்லை.

ஆடலுக்கும் இங்கே சாட்சி இருக்கிறது. 13ஆம் நூற்றாண்டில் மூன்றாம் ராஜராஜன் இக்கோயில் திருமண்டபத்தில் அமர்ந்து உறவாக்கின தலைக்கோலி என்பவள் ஆடிய அகமார்க்கம் கண்டான். மகிழ்ந்து நிலம் விட்டு அதற்கு அவள் பெயரையே இட்டான். தலைக்கோலி என்பது ஆடலில் தேர்ந்தவளுக்குத் தரப்படும் பட்டம். அகமார்க்கம் என்ற பெயர் அகவழி என்று ஒலிப்பதால் அதைத் தியானம் என்று எடுத்துக்கொள்ள இடமில்லை. அது ஆடல் மரபு ஒன்றின் பெயர், அவ்வளவே.

கால்களைப் பற்றிய ஒற்றியூர்க் கதைகளில் பெரியது தேவாரம் பாடிய சுந்தரருடையது. சங்கிலியாரை மணந்தபோது, உன்னைப் பிரியேன் என்று அவர் சத்தியம் செய்து கொடுத்தார். சன்னிதியில் சத்தியம் செய்யும் நேரத்தில் இறைவன் மகிழ மரத்துக்குப் போய்விட வேண்டும் என்பது சுந்தரருடைய ஏற்பாடு. மரத்தடியிலேயே சத்தியம் கேள் என்று இறைவன் சங்கிலியாருக்குக் கனவில் சொல்லிவிட்டார். வசந்த விழாவுக்குத் திருவாரூர் நினைவு வந்தபோது சுந்தரர் புறப்பட்டார். ஊர் எல்லையைத் தாண்டிய அடியில் இரு கண்ணும் போயின.

அதற்குப் பிறகு வருவதே இந்த வரலாற்றுக்கு வேண்டிய பகுதி. ஊர் எல்லையிலிருந்து காஞ்சி வரை அவர் கண்ணில்லாமல் நடந்தார். வட திருமுல்லைவாயிலில் பாடினார். திருவெண்பாக்கத்தில் ஊன்றுகோல் ஒன்று கிடைத்தது. காஞ்சியில் இடக்கண், திருவாரூரில் வலக்கண். நாள்தோறும் நடந்து பழகியவர், ஒவ்வோர் அடியையும் கோலால் தட்டிப் பார்த்து வைக்க வேண்டிய நிலைக்கு வந்தார். பிரியேன் என்ற சொல்லை எளிதாகச் சொன்னவருக்கு, நிலத்தை விட்டுக் கால் பிரிவது எத்தனை பெரிய காரியம் என்பதைப் புராணம் அடியடியாகக் கற்பித்தது என்றே கொள்ளலாம். வெண்பாக்கத்துப் பழைய கோயில் இருந்த இடம் 1944இல் கட்டிமுடிந்த பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. கோயிலை வேறிடத்தில் எடுத்துக் கட்டினார்கள். ஒற்றியூரில் மகிழடி சேவை மாசிப் பிரம்மோற்சவத்தில் இன்றும் நடக்கிறது. இரண்டாம் ராஜாதிராஜன் காலத்தில், 12ஆம் நூற்றாண்டிலேயே, மன்னன் முன்னிலையில் அந்த மகிழ மரத்தடியில் ஆளுடைய நம்பியின் புராணம் படிக்கப்பட்டதைக் கல்வெட்டு சொல்கிறது. நம்பி என்பது சுந்தரரே.

நடந்தே திரிந்த இன்னொருவர் துறவி பட்டினத்தார். அவருடைய சமாதி கோயிலுக்குக் கிழக்கே கடற்கரையில் உள்ளது. பேய்க்கரும்பு இனித்த இடத்தில் அடங்க வேண்டும் என்பது அவருக்கு இடப்பட்ட குறி. கையில் கரும்போடு ஊர் ஊராக நடந்தவருக்கு ஒற்றியூர் மணலில் அது இனித்தது. கடைசியில் அவர் செய்தது பிள்ளைகளோடு விளையாட்டு: கூடைக்குள் கவிழ்த்து மூடச் சொல்லி, வேறிடத்தில் தோன்றி, மீண்டும் மூடச் சொல்லி, கடைசியில் திறந்தபோது லிங்கம் மட்டும் இருந்தது. ஆடி உத்திராடத்தில் குருபூசை நடக்கிறது.

1708இல் ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த ஐந்து ஊர்களில் திருவொற்றியூரும் ஒன்று. 1717 முதல் 1720 வரை சென்னை ஆளுநராக இருந்த ஜோசப் கோலெட், ஒற்றியூருக்குத் தெற்கே நெசவாளர்களைக் குடியமர்த்தினார். கோலெட் பேட்டை என்று பெயர். தமிழர் நாக்கில் அது நாளடைவில் காலடிப்பேட்டை ஆயிற்று. ஆங்கில ஆளுநரின் குடும்பப் பெயர் மறைந்து, அந்தச் சாலையில் நடந்த கால்களே பெயரில் நின்றுவிட்டன. அங்குள்ள கல்யாண வரதராஜர் கோயிலுக்கும் கோலெட்டுக்கும் ஒரு கதை உண்டு. அவரிடம் வேலை பார்த்த வீரராகவன், காஞ்சி வரதனைக் காணப் போவதால் வேலைக்குத் தாமதமாக வருவார். சோதிக்க நினைத்த ஆளுநர், இப்போது காஞ்சியில் என்ன நடக்கிறது என்று கேட்டார். தேர் நகராமல் நிற்கிறது என்றார் வீரராகவன். ஆள் அனுப்பி விசாரித்ததில் அது உண்மையாயிருக்கவே, ஆளுநர் அவருக்காக இங்கேயே கோயில் கட்டித் தந்தார் என்பது ஊர் வழக்கு. காஞ்சி எழுபது கிலோமீட்டருக்கு மேல். கால்நடையாகத் தினம் போய்வருவது ஆகிற காரியமல்ல. கவனப் பயிற்சியின் கண்ணில் பார்த்தால் வீரராகவன் தோற்ற மாணவர்: உடம்பு வேலையில், நினைப்பு காஞ்சியில். பக்தியின் கணக்கில் அவர் முதல் மதிப்பெண் வாங்கியவர். இரண்டும் ஒன்றல்ல என்பதற்கு இந்தக் கதை நல்ல சான்று.

இந்தச் சாலையில் நடந்தவர்களில் நடையைப் பற்றித் தாமே சொல்லிவிட்டுப் போனவர் ராமலிங்க அடிகள். 1823 அக்டோபர் 5 அன்று சிதம்பரத்தை அடுத்த மருதூரில் பிறந்தவர். தந்தையை இழந்த குடும்பம் பொன்னேரி வழியாகச் சென்னைக்கு வந்து ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் தங்கியது. ஏழுகிணறு என்பது 1772 முதல் புனித ஜார்ஜ் கோட்டைக்குக் குடிநீர் கொடுத்த கிணறுகளால் வந்த பெயர். சிறுவனாகக் கந்தகோட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்த ராமலிங்கம், பன்னிரண்டாம் வயதில் ஒற்றியூர்ப் பக்கம் திரும்பினார். அது முதல் 23 ஆண்டுகள் அந்த நடை தொடர்ந்தது என்று வரலாறு எழுதியவர்கள் கணக்கிடுகிறார்கள். போக ஏறக்குறைய 8 கிலோமீட்டர், திரும்ப 8. வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, காலடிப்பேட்டை என்று இன்று பேர்சொல்லும் இடங்கள் அன்று தோப்பும் கழனியும் மணலுமாக இருந்தன. நடை முடியும் இடத்தில் வடிவுடையம்மன். அவள்மேல் பாடிய வடிவுடை மாணிக்க மாலை 101 பாடல்கள் கொண்டது. இறைவனுக்கு எழுத்தறியும் பெருமான் என்ற பெயரும் உண்டு. அந்தப் பெயரிலும் ஒரு மாலை பாடினார்.

அவருடைய நடை எப்படி இருந்தது என்பதற்கு வேறு சாட்சி தேட வேண்டியதில்லை. பிற்காலத்தில் பாடிய பிள்ளைப் பெருவிண்ணப்பத்தில், கையை வீசி நடக்க நாணியதாகவும் கைகளைக் கட்டிக்கொண்டே நடந்ததாகவும் அவரே சொல்கிறார். கை வீசாமல் 8 கிலோமீட்டர் நடந்து பார்த்தால் இதன் பொருள் விளங்கும். கை வீச்சு உடம்பின் வேகத்துக்கும் சமநிலைக்கும் துணைசெய்கிறது. அதைக் கட்டிவிட்டால் நடை தானாகவே சுருங்கும், தோள் அசையாது, பார்வை பாதைக்கு இறங்கும். பணிவாகத் தொடங்கிய பழக்கம், விரும்பியோ விரும்பாமலோ, உடலைக் கவனத்துக்குக் கட்டிப்போடும் பயிற்சியாகிறது. மேல்துணியால் உடலைப் போர்த்தி, முக்காடிட்ட அவருடைய உருவத்தை இன்று வீட்டுப் படங்களில் காண்பவர்கள், கைகள் ஏன் துணிக்குள் அடங்கியிருக்கின்றன என்று கேட்பதில்லை.

இந்த நடையோடு ஒட்டிய கதைகள் இரண்டு. கோயிலுக்குத் தேரடித் தெரு வழியே போகாமல் நெல்லிக்காய்ப் பண்டாரச் சந்து வழியாகப் போவது அவர் வழக்கம். தேரடியில் ஆடையில்லாத துறவி ஒருவர் இருந்தார்; போகிற வருகிறவர்களைப் பார்த்து, இதோ நாய் போகிறது, மாடு போகிறது, நரி போகிறது என்பார். ஒருநாள் ராமலிங்கம் தேரடி வழியே வந்தபோது, இதோ ஒரு மனிதன் போகிறான் என்றார். ஒருவர் நடந்து போவதைப் பார்த்து மட்டுமே தீர்ப்புச் சொன்ன துறவி அவர். மற்றது, இரவு தாமதமாக வீடு திரும்பியபோது கதவு தாழிட்டிருக்க, பசியோடு திண்ணையில் படுத்தவருக்கு அண்ணியின் உருவில் வந்து யாரோ சோறிட்டார்கள் என்பது. பிறகு உண்மையான அண்ணி வந்து சாப்பிட எழுப்பியபோதுதான், முன்பு வந்தவள் வடிவுடையாள் என்று தெரிந்ததாம். பதினாறு கிலோமீட்டர் நடந்தவனின் பசி இந்தக் கதைக்குள் இருக்கிறது. அதைச் சொல்லுகிறவர்கள் அற்புதத்தை மட்டும் சொல்லி, பசியை விட்டுவிடுகிறார்கள்.

1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் ஓடத் தொடங்கியது. அதற்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கழித்து அடிகள் சென்னையை விட்டார். ராயபுரத்து நிலையத்தின் புகையும் ஒற்றியூர் நடையும் கொஞ்ச காலம் ஒன்றாக இருந்தன. 1867இல் தொழுவூர் வேலாயுத முதலியார் முயற்சியால் அடிகளின் பாடல் தொகுப்பான திருவருட்பாவின் முதல் பகுதிகள் அச்சேறின. அவற்றில் ஒற்றியூர்ப் பாடல்களின் எண்ணிக்கை பெரிது. வடலூரில் 1872இல் அவருடைய சத்திய ஞான சபை எழுந்தது. அன்பர்களுக்கு அவர் எழுதிய நித்திய கரும விதி, மாலை இளவெயில் உடம்பில் படும்படி சிறிது உலாவச் சொல்கிறது. விரைந்து நடப்பதை விலக்குகிறது. இடையறாது மனத்தைப் புருவ நடுவில் நிறுத்தச் சொல்வதும் அதே விதிதான். உண்ணுதல், உறங்குதல், நடத்தல் எல்லாவற்றுக்கும் முறை சொல்லும் அந்தச் சிறு நூலில் ஒற்றியூர்ச் சாலையின் பெயர் இல்லை. ஆனால் மருத்துவமும் ஒழுக்கமும் கவனமும் ஒரே வரியில் உலாவும் அதன் போக்கு, 23 ஆண்டு நடந்த கால்களுக்கு உரியது.

அடிகள் போன பின் அந்தச் சாலை வேறானது. 1875இல் சென்னைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார்கள். கடலுக்குள் நீண்ட கரைகள் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலைத் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரீனா அகலமாயிற்று. வடக்கே ராயபுரம் முதல் எண்ணூர் வரை கடல் கரையைத் தின்னத் தொடங்கியது. வீடுகளும் தெருக்களும் போயின. பட்டினத்தாரின் கரும்பு இனித்த மணல் இருந்த கரையில் இன்று பாறாங்கல் தடுப்புகள் நிற்கின்றன. ஈர மணலில் நடப்பது அந்தப் பகுதி மக்களுக்கு இல்லாமல் போனது. கல்லின் மேல் கால் வைக்க வேறு வகைக் கவனம் வேண்டும்.

20ஆம் நூற்றாண்டில் ஆலைகள் வந்தன. 1946இல் ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய எம்ஆர்எஃப், விம்கோ தீப்பெட்டி ஆலை, 1948இல் தொடங்கி எண்ணூரில் ஆலை எழுப்பிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் என்ஃபீல்டு. சங்கு ஊதும் நேரத்துக்கு ஆயிரக்கணக்கான கால்கள் அதே சாலையில் விரைந்தன. அந்த நடையில் வேகம் மட்டுமே அளவு. இதைத் தியானம் என்று சொன்னால் உழைத்தவர்களுக்கு அவமதிப்பு. மீனவர்கள் வலை இழுக்கும்போதும் துடுப்பு வலிக்கும்போதும் பாடிய அம்பாப் பாட்டும் அப்படியே. தாளம் தவறினால் கயிறு கையை அறுக்கும் என்பதற்காகப் பிறந்த ஒழுங்கு அது. வேலையின் ஒழுங்கும் மனத்தின் ஒழுங்கும் பல இடங்களில் ஒன்றுபோலத் தோன்றினாலும், கூலிக்குக் கட்டுப்பட்ட உடல் தானாக ஒரு நோன்பை ஏற்ற உடலாகாது.

தானாக ஏற்ற உடற்பயிற்சி வேறு வடிவில் இந்தப் பகுதியில் தழைத்தது. சிலம்பத்தில் ஆசான் முதலில் கோலைத் தருவதில்லை, கால்வைப்பைத் தருகிறார். சுவடு என்றும் காலடி என்றும் அதற்குப் பெயர். எந்தக் கால் முன், எது பின், எந்தத் திசையில் திரும்ப வேண்டும் என்பது உடம்பில் ஊறிய பின்தான் கோல் கைக்கு வரும். மாணவன் அடியெண்ணிக்கொண்டே நாட்கணக்கில் மணலில் திரும்பித் திரும்பி நிற்பான். காலைப் பார்த்துக்கொண்டே செய்தால் எதிரியின் கோல் தலையில் விழும். பார்க்காமலே கால் எங்கே இருக்கிறது என்று அறிய வேண்டும். சிலம்பத்தில் இந்த அறிவுக்குக் கண் உதவாது, அடிப்பிரதட்சிணத்தில் உதவும்; இதில் இரண்டும் எதிரெதிர். கால் நினைவில் இருக்க வேண்டும் என்பதில் இரண்டும் ஒன்று.

குத்துச்சண்டையும் இப்படித்தான். வடசென்னையில் சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று வாத்தியார் வழியில் பிரிந்து மோதியவர்களின் பெருமையெல்லாம் முகத்தில் விழுந்த குத்தைவிடக் காலில் இருந்தது. குத்துச்சண்டை வீரர் கித்தேரி முத்துவின் பெயர் இன்றும் அங்கே பேசப்படுகிறது. 2021இல் வந்த பா. ரஞ்சித்தின் ‘சார்பட்டா பரம்பரை’ படத்துக்குப் பின் மற்ற ஊர்க்காரர்களுக்கும் இந்தப் பெயர்கள் பழகின. 1980இல் முகமது அலி சென்னைக்கு வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிக் குத்துச்சண்டை ஆடினார். உலகமே வியந்த அவருடைய கால் நகர்வை நேரில் பார்க்கும் வாய்ப்பு இந்த ஊருக்கும் வாய்த்தது. ஆனால் பரம்பரைச் சண்டை ஊர்ப்பகையாகத் திரும்பிய நாட்களும் உண்டு. கவனம் எதை நோக்கியது என்பதைப் பொறுத்தே அதற்கு மதிப்பு.

பக்தி நடை நிற்கவில்லை. பௌர்ணமி வெள்ளிக்கிழமை ஒரே நாளில் காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சியில் ஒற்றியூர் வடிவுடையம்மன், மாலையில் வட திருமுல்லைவாயில் கொடியிடையம்மன் என மூவரையும் தரிசிக்கும் வழக்கம் பெருகியிருக்கிறது. வழி நீளம் என்பதால் பலர் வேன் வைத்துக்கொள்கிறார்கள். நடை கோயிலுக்குள் மட்டும் மிஞ்சுகிறது. ராயபுரம், காசிமேடு மீனவக் கிறித்தவர்கள் காவியுடுத்தி, செப்டம்பர் 8 திருவிழாவுக்காக வேளாங்கண்ணி வரை முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து செல்கிறார்கள். அந்த நடையில் செபமாலை உருளும் விரலும் கொப்புளம் கண்ட உள்ளங்காலும் மாறிமாறி நினைவைப் பிடிக்கின்றன.

2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை மெட்ரோ ரயில் நீண்டது. அடுத்த ஆண்டு தேரடி நிலையமும் திறந்தது. அடிகள் கைகட்டி நடந்த தூரம் இப்போது அரை மணிக்கும் குறைவு. இறங்கி ஏறும் வழியில் காலடிப்பேட்டை என்ற பலகை இருக்கிறது. தேரடியில் இறங்கிக் கோயிலுக்குள் போகிறவர்களில், வெளிப்பிராகாரத்தில் ஓரிருவர் மற்றவர்கள் ஒதுங்கி வழிவிட, குதிகாலைப் பெருவிரலோடு சேர்த்து வைத்துப் போய்க்கொண்டிருப்பார்கள். ஒரு சுற்று முடிய எத்தனை அடி என்று கேட்டால், அவரவர் பாதத்தின் அளவுக்கு ஏற்ப ஒவ்வொருவரும் ஒவ்வோர் எண்ணைச் சொல்வார்கள்.